டார்லீன் வீட்டில் சூடு நின்ற நாள்

வடக்கே குளிர் ஊரான டுலூத்தில் பனி கொட்டி ஓய்ந்த மறுநாள், டார்லீன் கோஸ்கி பள்ளிக்கூட பஸ்ஸின் காலைச் சவாரியை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகளை அதட்டி உட்காரவைத்ததில் தொண்டை கட்டியிருந்தது. மதியம் மறுபடி வண்டியை எடுக்கும்வரை கண்ணயரலாம் என்ற ஒரே ஆசையோடு கோட்டைக் கழற்றியவள், உடனே திரும்ப மாட்டிக்கொண்டாள். வீட்டுக்குள் அத்தனை குளிர்.

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து சோபாவில் கிடந்த கணவன் ஆர்விட், போர்வைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டினான்.

"உன் மக வாங்கித் தந்த சாமான் சுவத்துல ஏதோ சொல்லுது. என்னன்னு பாரு."

"கெட்டுப்போனா மட்டும் என் மகளா?"

வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் கண்ணாடியில் சிவப்பு எழுத்து: 'பிழை. சூடு வரவில்லை. உலையைச் சரிபார்க்கவும்.' டார்லீன் சூட்டின் அளவை ஏற்றினாள், இறக்கினாள். சுவரிலிருந்து பிடுங்கித் திரும்பப் பொருத்தினாள். அதே சிவப்பு.

"கரண்ட் பிரேக்கரைப் பாத்தியா?" என்றான் ஆர்விட்.

பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

"ஃபில்டர்?"

நிலவறைக்கு இறங்கி, வீடு முழுக்கச் சூட்டுக் காற்றை அனுப்பும் உலையின் ஃபில்டரை உருவினாள். போன மாதம் போட்டது, வெளுப்பாகவே இருந்தது. படி ஏறி வந்தபோது முழங்கால் வலித்தது.

"வேற என்ன பண்ணலாம்னா..."

"ஆர்விட், இன்னும் ஒரு யோசனை சொன்னே, அந்தப் போர்வையை உருவிடுவேன்."

அப்போது போன் அடித்தது. வெயில் காயும் அரிசோனாவிலிருந்து மகள் கிர்ஸ்டன்.

"அம்மா, வீட்டுல சூடு வரலேன்னு என் போனுக்கு வருது. ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?"

"எங்களுக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சிடுது. நீ அங்க கையில்லாத சட்டையோட நிப்பே."

"கோபப்படாதேம்மா. உலையில ஒரு சின்ன விளக்கு இருக்கும், எத்தனை தடவை மினுக்குதுன்னு பாரு."

மறுபடி இறங்கினாள். மூன்று தடவை மினுக்கி, நின்று, மறுபடி மூன்று தடவை.

கிர்ஸ்டன் எதையோ தேடிப் படித்தாள். "காத்துப் போற வழி அடைச்சிருக்காம். வெளிச் சுவத்துல ரெண்டு வெள்ளைக் குழாய் இருக்கே, அதைப் பாரும்மா."

வீட்டின் பக்கவாட்டில் போய்ப் பார்த்தபோது குழாய்களைக் காணோம். இடுப்பளவு பனிமேடுதான் இருந்தது. காற்று குவித்த பனி இல்லை அது. இவள் பாதையைப் பக்கத்து வீட்டு எல்டன் விடியுமுன் தன் பனி ஊதும் இயந்திரத்தால் சுத்தம் செய்து தந்திருந்தான். ஊதிய பனி முழுக்க இந்தச் சுவரில் போய் அப்பியிருந்தது. கேட்காமலே செய்த உதவி, யாரைத் திட்டுவது?

மண்வெட்டியால் தோண்டிக் குழாய்களை வெளியே எடுத்தாள். கீழே போய் உலையை அணைத்து மறுபடி போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதன் உறுமல் கேட்டது. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தூங்க நேரமில்லை. கிளம்பும்போது எல்டன் வேலியோரம் நின்று கையாட்டினான்.

"பாதை எப்படி, டார்லீன்? கண்ணாடி மாதிரி இருக்கா?"

சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த பனிக்கும் யார் தோண்டுவது?

"நல்லா இருக்கு, எல்டன். ஆனா பனி எங்க குழாயை மூடிடுச்சு. சூடே நின்னுபோச்சு."

அவன் முகம் சிவந்துவிட்டது. "அடக் கடவுளே! ஆர்விட்டு உள்ள படுத்திருக்கானே!"

"உயிரோடதான் இருக்கான். வாயும் நிக்கல."

அடுத்த பனிக்கு எல்டன் அந்தச் சுவர்ப் பக்கமே போகவில்லை. ஒரு துளி விடாமல் தெருப் பக்கமாக ஊதித் தள்ளினான். அங்கே அவளுடைய தபால் பெட்டி கம்பத்தோடு புதைந்துபோனது. டார்லீன் ஜன்னல் வழியே பார்த்தாள். பூட்ஸை மாட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள்.