கத்தரி படாத மரம்

இன்னாசி கவாத்துக் கத்தரியை எடுத்தால் ராயப்பன்பட்டித் திராட்சைப் பந்தல்கள் கைகட்டி நிற்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பாதி உண்மைதான். ஒட்ட வெட்டினால் புதுத் தளிர் வரும், தளிரில் குலை வரும். அந்த ஒரு பாடத்தை வைத்தே தலை நரைத்தவர் அவர். இன்னொரு பாடமும் இருக்கும் என்று நினைத்தவரில்லை.

அவர் மனைவி ஜெயமேரி கொடைக்கானல் பக்கத்து மலைக் கிராமத்தில் பிறந்தவள். அங்கிருந்து ஒரு பிளம்ஸ் கன்றைக் கொண்டுவந்து கிணற்றுமேட்டில் நட்டாள். குளிர் அதிகம் கேட்காத ரகம். அடிவாரத்து மார்கழிப் பனியே போதும், மகரந்தத்துக்குத் துணைமரமும் வேண்டாம். வேரில் தண்ணீர் தேங்கினால் மட்டும் ஆகாது. இன்னாசி எதிலும் குறை வைக்கவில்லை. மண் அணைத்தார், எரு போட்டார், பந்தலை வெட்டும்போதெல்லாம் அதையும் சேர்த்து மொட்டையடித்தார்.

"இங்கன பாருங்க, இந்தக் கட்டைக் குச்சியிலதான் பூ வரும். எங்க ஊர்ல இத வெட்ட மாட்டாக."

"கவாத்து பண்ணாம எதுடி காய்க்கும்? எனக்கே சொல்றியா?"

மரம் தழைத்தது, காய்க்கவில்லை. "தோலு புளிக்கும், உள்ள தேனா இருக்கும். ஒன்னாச்சும் பறிச்சு உங்களுக்குக் குடுக்கணும்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நோயில் படுத்த பிறகும், "பூத்திருக்கா?" என்றுதான் கேட்டாள். வெட்டி முடித்த கையோடு நின்ற இன்னாசி, "அடுத்த வருசம்" என்றார். அடுத்த வருசத்துக்கு அவள் இல்லை.

அதன்பின் கத்தரி ஆணியில் தொங்கியது. பந்தலைப் பக்கத்துத் தோட்டத்துச் செல்லப்பாண்டி வெட்டிக்கொடுத்தான்.

"பிளம்ஸயும் வெட்டவாண்ணே?"

"அது கெடக்கட்டும்."

அக்கறையால் சொன்னதல்ல, சலிப்பில் சொன்னது. இரண்டு மார்கழி போனது. தை மாதம் ஒருநாள் மோட்டார் போடப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். இலையில்லாத கிளையெங்கும், அவர் கழிவென்று வருடாவருடம் நறுக்கித் தள்ளிய அதே கட்டைக் குச்சிகளில், வெள்ளை வெள்ளையாகப் பூ. நொந்துகொள்ள வேறு ஆள் இல்லை, வெட்டியது அவர் கை.

முதல் பழம் சிவந்ததும் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனார். சிலுவையடியில் வைத்தார். பிறகு, அவள் பறித்துக் கொடுக்க நினைத்தது தனக்குத்தான் என்று எடுத்துக் கடித்தார். தோல் புளித்தது.

"நீ சொன்னதுதான் சரி மேரி" என்றார். அவள் இருந்தவரை ஒரு தடவைகூட அவர் வாயில் வராத சொல் அது.