மீன் தொட்டிக்கு ஓர் உறை மோர்

போன வருடம், மகளின் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்தது இது. அவளுக்கு மீன் தொட்டி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். முன்பு கண்ணாடிக் குடுவையில் விட்ட மீன்கள் செத்து மிதந்ததைப் பார்த்து, பிள்ளை சாப்பிடாமல் அழுதிருந்தாள். இந்த முறை ஒன்றுகூடச் சாகக்கூடாது என்று தேடித் தேடிப் படித்தேன். புதுத் தொட்டியில் உடனே மீன் விடக்கூடாதாம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் முதலில் பில்டரில் குடியேற வேண்டுமாம். தீனி அழுகினாலும் அம்மோனியா வரும் என்பதால், தொட்டியை முன்னதாகவே வாங்கி, அவற்றுக்காக வெறும் தண்ணீரில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டேன்.

"மீனே இல்லாம யாருக்கும்மா சோறு போடற?" என்றாள் மகள்.

வாரங்கள் ஓடின. சோதனைக் குழாயில் மருந்து விட்டுப் பார்த்தால் தண்ணீர் பச்சையாகவே இருந்தது. மஞ்சளானால்தான் அம்மோனியா தீர்ந்தது என்று அர்த்தம். பிறகுதான் எனக்கு உறைத்தது. பால் புட்டியைக் கொதிக்க வைத்தே பழகிய கை. பில்டர் ஸ்பாஞ்சில் வழவழப்பைக் கண்டாலே குழாயடியில் அலசிவிடுவேன். குளோரின் கலந்த தண்ணீர்! வளர்க்க வேண்டியவற்றை நானே கொன்றுகொண்டிருந்தேன்.

பிறந்தநாளுக்கு ஒரு வாரமே இருந்தது. பின் தெருவில் ஒரு வீட்டு ஜன்னலில் மீன் தொட்டி தெரியும். அந்த வீட்டு அக்காவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பைத்தியம் என்று நினைப்பாரோ என்று கேட் வரை போய்ப் போய்த் திரும்பினேன். கடைசியில் அவரே கதவைத் திறந்துவிட்டார்.

"அக்கா, உங்க பில்டர் ஸ்பாஞ்சுல ஒரு துண்டு தர்றீங்களா? அழுக்கோடயே வேணும்."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதைக் கழுவாம வச்சிகினு இருக்கேன்னு எங்க வூட்டுக்காரரு தினம் திட்றாரு. நீங்க தயிருக்கு உறை மோர் கேக்கற மாதிரி கேக்கறீங்களே!"

பாதியை வெட்டி, தொட்டித் தண்ணீரோடு ஒரு தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, தூக்கைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு எங்கள் பில்டரைக் கழற்றப் போனேன். அதற்குள் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்த கணவர், எனக்கு உதவுவதாக நினைத்து, அந்தத் தூக்கைக் கழுவக் குழாயைத் திறக்கப் போனார்.

"ஐயோ, திறக்காதீங்க! உள்ள உசுரு இருக்கு!"

கையை வெடுக்கென்று எடுத்தவர், தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார். "உசுரா? எங்க மைன்ஸ்லகூட இவ்ளோ சேறு கிடையாதுடி!"

நல்லவேளை, குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் விழவில்லை. அந்தத் துண்டை அப்படியே எங்கள் பில்டருக்குள் செருகினேன்.

மறுநாளே பச்சை வெளிறத் தொடங்கியது. பிறந்தநாளுக்கு முதல் நாள் சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மஞ்சள்! நைட்ரைட் என்ற இன்னொரு நஞ்சும் இல்லை. என் கண்ணை நம்பாமல் கணவரிடம் காட்டினேன், மகளிடம் காட்டினேன். அதுவும் போதாமல் குழாயோடு பின் தெருவுக்கு ஓடினேன்.

"மஞ்சத்தான், மஞ்சத்தான்! நின்னுகினு இருக்காம போயி மீனை வாங்குங்க" என்று அக்கா விரட்டினார்.

அன்று வாங்கிய மீன்கள் எல்லாம் இன்றும் துள்ளிக்கொண்டிருக்கின்றன. மகள் மண்ணில் புரண்டுவிட்டு வந்தால் கை கழுவத்தான் சொல்கிறேன். ஆனால் முன்பு போல அந்த மண்ணைப் பார்த்து என் மனம் பதறுவதில்லை.