கழுத்து வழுவூர், கை பந்தநல்லூர்

ஸ்ரீரங்கத்தில் நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே நெற்றியைப் படித்துவிடுகிறார்கள்: வடகலையா, தென்கலையா? கல்யாணமாகி மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்திறங்கிய என் நெற்றியிலோ வெறும் ஒட்டுப்பொட்டு. நாட்டியம் சொல்லித்தரும் எதிர்வீட்டு வைதேகி மாமி, அங்கே படிக்க ஒன்றும் கிடைக்காமல் என் காலைப் பார்த்தார். நானும் ஆடுவேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எந்த பாணி?"

"பரதநாட்டியம், மாமி."

"அது தெரியறதுடீம்மா. அதுல எந்த பாணி?"

"பந்தநல்லூர்."

"ஓ... நாங்க வழுவூர்." ஜாதகம் பொருந்தாத வரனைப் பார்த்ததுபோல் ஒரு பெருமூச்சு.

கிள்ளான் சொந்தங்களே, நமக்கு அங்கே இந்தத் தொல்லையே கிடையாது. கடைமாடியில் டீச்சர் சொல்லித்தந்தது மட்டும்தான் பரதம். கையை நீட்டினால் கோடு, உட்கார்ந்தால் முழு அரைமண்டி. ஈப்போவிலிருந்து போட்டிக்கு வந்த ஒரு பெண் உடம்பை ஒசித்துக் கழுத்தை அசைத்தபோது, பாவம், சுளுக்கு என்று நாங்கள் தைலம் தேடினோம். இங்கே வந்து பார்த்தால் வழுவூர் என்ற பெயரில் தெரு முழுக்க அந்தச் சுளுக்கு!

எனக்கு இங்கே வகுப்பு தொடங்க வேண்டும். ஆடாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும், வேறென்ன சொல்ல. மாமி தன் வீட்டு மாடியைத் தர ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்கு முன் நவராத்திரியில் அவர் மகள் ரஞ்சனியோடு நான் ஜோடியாக ஆடிக் காட்ட வேண்டும். "ரெண்டு பேரும் ஒரே அச்சா இருக்கணும். இல்லேன்னா மாடி கிடையாது." ஒத்திகையில் நான் விறைப்பு, அவள் குழைவு, பிடிவாதத்தில் மட்டும் ஒரே அச்சு. "அலாமக்!" என்று மலாயில் ஐயோ போட்டுத் தலையில் அடித்துக்கொள்வேன். "அது எந்த ஸ்வாமிடீ?" என்பார் மாமி.

நவராத்திரியன்று மேடையேறியதும், மாடிக்காக மானத்தை விட்டுக் கழுத்தை அசைத்தேன். ஓரக்கண்ணால் பார்த்தால், ரஞ்சனி கையை நேர்க்கோடாக நீட்டி, முழு அரைமண்டியில் நிற்கிறாள்! கடல் தாண்டி வந்த அக்காவுக்காக அவளும் விட்டுக்கொடுத்துவிட்டாளாம். மறுபடியும் ரெண்டு அச்சு. தாளம் போட்ட மாமியின் புருவம் ஏறியது. முன்வரிசை மாமா ஒருவர் மட்டும், "பேஷ்! ஆத்துக்கு ஆத்து பாணியை மாத்திண்டு ஆடறா!" என்று குதூகலித்தார்.

முடிந்ததும் மாமி என்னை ஓரமாக இழுத்துப் போனார். மாடி போச்சு என்றே நினைத்தேன்.

"அவளுக்கு அந்தக் கை நன்னாத்தான் இருக்கு. காலம்பற மாடியில நீயே கத்துக்குடு" என்று சாவியைத் திணித்தார். "உன் கழுத்துதான் சகிக்கலை. சாயங்காலம் கீழ வா, நான் சொல்லித்தரேன்."

ஆக, காலையில் மாடியில் டீச்சர், மாலையில் கீழே மாணவி. கண்ணாடி முன் நின்றால் கை இன்னும் கிள்ளானில் நீண்டிருக்கிறது, கழுத்து ஸ்ரீரங்கத்தில் அசைகிறது. எந்த ஊர்க்காரி என்று யாராவது கேட்டால், எந்தப் பாகத்தைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன்.