நகம் இறங்காத பூட்டு

யாருடைய துப்பாக்கி கைக்கு வந்தாலும், தானும் துப்பாக்கி செய்பவரான அல்சீட் பெர்த்லே முதலில் குழலைப் பார்க்கமாட்டார். தீக்கல்லும், அதைக் கவ்வி இறங்கிப் பொறி தட்டும் குதிரையும் பொருத்திய பூட்டுத் தகட்டின் ஓரமாகக் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவார். இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே நகம் எங்காவது இறங்கிவிட்டால், குறை கண்ட மகிழ்ச்சியில் முகம் மலர்ந்துவிடும். ரெட் ரிவர் கரையில் மெர்வின் ஸ்பென்ஸ் செய்தவற்றில் மட்டும் அது இறங்கியதே இல்லை. அன்றெல்லாம் வீட்டுக்கு வந்து சூப்பில் உப்பு அதிகம் என்பார்.

அவர் மனைவி ரோஸலின் குள்ளம். விலங்குத் தோல் வியாபாரக் காலத்துப் பாணி நீளத் துப்பாக்கியைத் தோளில் வைத்தால் அவருக்கு விசை எட்டாது. பழைய பாணித் துப்பாக்கிக்காரர்கள் கூடாரமடித்துக் கூடும் ஆகஸ்ட் விழாவில் பெண்கள் போட்டியில் ஒரு தடவையாவது சுட ஆசை.

"மெர்வின்கிட்டச் சொல்லி எனக்கேத்த மாதிரி சின்னதா ஒண்ணு செஞ்சுக்கட்டுமா?"

"ஏன், என் கைக்கு என்ன கேடு?"

"அவர் பூட்டு பதிக்கிறது சுத்தமா இருக்கும்ல."

"நான் சொன்னேனா அப்படி?"

"நீ எங்க சொன்ன? அவர் துப்பாக்கியைத் தடவிட்டு வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிற பாரு, அது போதும்."

பனிக்காலம் முழுக்க அல்சீட் கொட்டகையிலேயே கிடந்தார். குழல், கட்டை, பக்கவாட்டில் அலங்காரமாகப் பதிக்கும் பித்தளைப் பாம்பு எல்லாமே அளவில் சுருங்கின. சின்னப் பூட்டில் விளக்குக் கரியைத் தடவி மரத்தில் அழுத்துவார், கரி ஒட்டிய இடத்தைச் சீவுவார், மறுபடி அழுத்துவார். கடைசியில் நகம் இறங்கவில்லை. அதோடு உளியைக் கீழே வைத்துவிட்டார்.

போட்டிக்கு முந்தின நாள் நல்ல மழை. மறுநாள் போட்டியில் ரோஸலின் குறிபார்த்து விசையை இழுத்தார். குதிரை தூக்கக் கலக்கத்தில் எழுந்து வருவதுபோல் இறங்கியது. பொறியே இல்லை. மறுபடியும் அதே கதை.

"ரோஸலின், கல்லைக் கழட்டிக் கையால எறி! சீக்கிரம் போய்ச் சேரும்!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் சிரித்தது.

மெர்வின் வந்து துப்பாக்கியை வாங்கினார். அவரும் நகத்தைத்தான் ஓட்டினார். இறங்கவில்லை. இன்னொரு சுற்று ஓட்டினார். அவர் வாய் கோணியதை அல்சீட் பார்த்தார். அந்தப் பனிக்கால உழைப்புக்கு அதுவே கூலி என்று தோன்றியது.

"வெளியில மெழுகு ஊத்தின மாதிரி பதிச்சிருக்க. உள்ள குதிரையைத் தள்ற வில்லு அசைய இடம் விட்டியாடா? ஈரத்துல மரம் ஊதி வில்லைப் பிடிக்குது. கொடு, கழட்டிச் சீவித் தர்றேன்."

"என் துப்பாக்கியில நீ கை வைக்காத."

"அது என் துப்பாக்கி," என்றார் ரோஸலின். "இன்னும் ஒரு வாய்ப்புதான் இருக்கு எனக்கு."

அல்சீட் துப்பாக்கியைப் பிடுங்கித் திருகுகளைக் கழற்றி, ஆத்திரத்தோடு பூட்டை இழுத்தார். ஊதியிருந்த மரம் விடவில்லை. விட்டபோது பின்னோரத்தில் ஒரு சிராய் பெயர்ந்து புல்லில் விழுந்தது. அல்சீட் கத்தியை எடுத்து மெர்வினிடம் நீட்டினார். வில் உரசிய தடத்தை மெர்வின் சீவிப் பூட்டைத் திரும்பப் பொருத்தினார். ரோஸலின் சுட்டார். குண்டு குறிப்பலகையின் ஓரத்தைக் கிழித்தது. அவர் போட்ட கூச்சல் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும்.

இப்போது அந்தத் துப்பாக்கி சமையலறைக் கதவுக்கு மேல் தொங்குகிறது. அதற்குப் பிறகு ஒரு தடவையும் பொய்த்ததில்லை. மெர்வின் காபி குடிக்க வரும்போதெல்லாம் அதை இறக்கி, சிராய் போன இடத்தில் நகத்தை வைத்துப் பார்க்கிறார். நகம் இறங்குகிறது.