வத்தக்குழம்பில் காணாமல் போன புளி

“புளி எங்கேம்மா? வத்தக்குழம்புல புளியே காணுமே!”

பிழை பார்க்கக் கொடுத்திருந்த புரூஃபை நீட்டிக் கேட்டார் ஸ்ரீரங்கத்து மாமா.

“நான் எழுதியிருந்தேனே. நீங்கதான் முழுங்கியிருப்பேள்” என்று மாமாவைச் சீண்டினார் பக்கத்தில் நின்ற மாமி.

மாமி எழுதிய சமையல் குறிப்புகள் அவை. மகள் கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு கொடுக்கப் புத்தகமாகப் போடுகிறார்கள். மறுநாள் காலை பிரஸ்ஸுக்குப் போயாக வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பிரஸ்ஸில் அச்சுக் கோத்துவிட்டு, பிறகு பாலக்கரையில் ஜமீலாவின் டிடிபி கடைக்கு டைப் அடிக்க வந்தேன். வந்தவர்கள் ஏதாவது கேட்டால், பதில் சொல்ல என் மகள் வயது முதலாளி ஜமீலாவைத்தான் பார்ப்பேன்.

குறிப்புகளுக்கு நடுவே அடைப்புக்குறி போட்டு மாமாவைக் கிண்டல் செய்திருந்தார் மாமி. “அதெல்லாம் எடுத்துடும்மா, சம்பந்தி முன்னால மானம் போயிடும்” என்று மாமா முன்பே சொல்லியிருந்தார். கிண்டல் புத்தகம் முழுக்க இருந்ததால், ஒரே மாதிரி வருவதையெல்லாம் ஒரே தடவையில் தேடிப் பிடிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனை ஜமீலா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

“புள்ளின்னா எந்த எழுத்தும். நட்சத்திரம்னா எத்தனை வேணாலும். ரெண்டு பக்கமும் அடைப்புக்குறி, அதுக்கு முன்னாடி சாய்கோடு. அவ்வளவுதாங்கக்கா.”

\(.*\) என்று அடித்து, அகப்பட்டதையெல்லாம் ஒரேயடியாக நீக்க ரீப்ளேஸ் ஆல் கொடுத்திருந்தேன். மூலத்தில் இருந்த வரி இது:

சுண்டைக்காயை வறுக்கவும் (இவர் எடுத்துத் தின்பார், டப்பாவை மூடு). புளியைக் கரைத்து ஊற்றவும் (ருசி பார்க்க வருவார், விடாதே). இறக்கவும்.

ஜமீலா பார்த்துவிட்டுச் சிரித்தாள். “நட்சத்திரத்துக்குப் பேராசைக்கா. முதல் குறியில ஆரம்பிச்சு அந்த வரியோட கடைசிக் குறி வரைக்கும் தின்னுடும். அதுக்குப் பின்னால ஒரு கேள்விக்குறி போடுங்க, பக்கத்துக் குறியிலயே நின்னுக்கும். ஒரிஜினல் இருக்குல்ல?”

இருந்தது. பயந்த சுபாவம்; காப்பியில்தான் கை வைத்திருந்தேன்.

இந்தத் தடவை \(.*?\) என்று அடித்து, முதலில் ஃபைண்ட் மட்டும் கொடுத்தேன். திரையில் மஞ்சள் நிறம் விழுந்த இடங்களையெல்லாம் படித்தேன். புளி மஞ்சளுக்கு வெளியே பத்திரமாக நின்றது. பிறகுதான் ரீப்ளேஸ்.

மாமா வரிவரியாகப் படித்து, “இப்பத்தான் நேக்கு உசிரு வந்தது” என்று ஸ்கூட்டரை எடுக்கப் போனார். மாமி என் பக்கம் குனிந்தார்.

“ஏம்மா, அந்தப் பழசு இருக்கா? என் பொண்ணுக்கு மட்டும் ஒரு காப்பி போட்டுக் குடு. அவ அப்பா இல்லாத சமையல் அவளுக்கு எதுக்கு?”

ஜமீலாவைத் தேடினேன். டீ வாங்கப் போயிருந்தாள்.

“இருக்கு மாமி. அழிக்கல” என்றேன், நானே.

புதிதாகக் கற்கிறவர்களே, மாற்றுவதற்கு முன் தேடிப் பாருங்கள். மூலத்தில் கை வைக்காதீர்கள். ஒருவர் எடுக்கச் சொன்னதை இன்னொருவர் வந்து கேட்பார்.