இருபது நிமிடப் பயணம்

சாந்தோமில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் கிளாடிஸ், கோடை விடுமுறை தோறும் தனியாக ஊர் சுற்றிவிட்டு வந்து தன் வலைப்பூவில் எழுதுவாள். அப்பா லூயிஸ் பக்கவாதத்தில் படுத்தபின் பயணம் நின்றது. நான்கு வருடமாக எழுத்தும் இல்லை. ஆனாலும் தினமும் வலைப்பூவைத் திறப்பாள். டெம்ப்ளேட்டை மாற்றுவாள், எழுத்துருவை மாற்றுவாள், பழைய பதிவுகளுக்குப் புதுக் குறிச்சொற்கள் போடுவாள். எழுத மட்டும் ஒன்றும் இருக்காது.

ஒரு சனிக்கிழமை தங்கை லிசா வந்தாள். "அப்பாவ நான் பாத்துக்கறேன், நீ எங்கயாவது போயிட்டு வாக்கா."

"ரெண்டு மணி நேரத்துல எங்கடி போறது?"

"எங்கயாவதுன்னா எங்கயாவதுதான்."

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினாள். அடையாற்றைக் கடக்கையில் காற்று முகத்தில் அடித்தது. ஹம்பிக்கும் டார்ஜிலிங்குக்கும் போன நாட்கள் நினைவுக்கு வந்து கண் நிறைந்துவிட்டது. தரமணியில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பினாள்.

அன்று மாலையே அந்த இருபது நிமிடப் பயணத்தை எழுதி வலைப்பூவில் போட்டாள். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் வாய் குழறச் சொன்னார்: "என்னையும்... கூட்டிட்டுப் போம்மா."

அவர் கையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.