எல்லாவற்றையும் ஒரே குரலில்

அக்காவின் கண்களைப் பற்றி மதுரை மருத்துவர் சொன்னது சுருக்கமானது. போன பார்வை திரும்பாது. இருப்பதைச் சில காலம் காப்பாற்றிப் பார்க்கலாம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு மெல்ல மெல்லச் செத்துப்போகும் நோய் அது. ஊர் திரும்பும் பேருந்து ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியது. அப்போது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழம வாசகத்த இனி யாருகிட்டக் குடுப்பாக?"

சின்னமனூரிலிருந்து கம்பம் போகும் வழியில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே எங்கள் ஊர் இருக்கிறது. எப்போதோ மறைப்பணியாளர்கள் வந்து திருமுழுக்குக் கொடுத்த குடும்பங்கள் எங்களுடையவை. அக்கா ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், திருமணம் செய்துகொள்ளவில்லை. கோயிலில் ஞாயிறு திருப்பலியின் முதல் வாசகமாக வரும் வேதப்பகுதியை வாசிப்பது இளம்வயதிலிருந்தே அவளுடைய பொறுப்பு. அவள் வாசிக்கும்போது கைக்குழந்தைக்காரிகள்கூட அசையாமல் இருப்பார்கள். குரலை உயர்த்தமாட்டாள், உருக்கவும் மாட்டாள். ஒரு வாக்கியம் எங்கே நின்றால் அதன் பொருள் கேட்பவரிடம் போய்ச் சேருமோ, அங்கே நிற்பாள். தேனியில் ஒரு கல்லூரி நூலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். எத்தனையோ பேர் மேடையில் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். நிறுத்தத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பணி முடிந்து அவளோடு வந்து தங்கியபோது, அந்தக் குரலுக்காகவும்தான் வந்தேன் என்று சொல்லலாம்.

மருத்துவர் சொன்ன பிறகு நாங்கள் பல வழிகளைப் பார்த்தோம். வாசகத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். அடுத்த சில மாதங்களில் எழுத்தை இன்னும் பெரிதாக்கினேன். கடைசியில் ஒரு தாளில் மூன்று நான்கு வரிகளே இருந்தன. அவையும் புகைக்குள் இருப்பதாகச் சொன்னாள். மனப்பாடம் செய்து பார்த்தாள். நீண்ட பகுதிகளில் நடுவே ஒரு வரி நழுவியது. நழுவிய வரியை இட்டு நிரப்பிச் சொல்வது அவளுக்குப் பாவமாகப் பட்டது. நான் வாசித்துப் பதிவு செய்து தருகிறேன், காதில் மாட்டிக்கொண்டு சொல் என்றேன். அவள் அதை உடனே மறுத்தாள்.

"உன் குரலக் கேட்டு நான் திருப்பிச் சொன்னா, அது நீ வாசிச்சதுதான். அங்கன நான் எதுக்கு நிக்கணும்?"

சின்னமனூர்ப் பேருந்து நிலையம் அருகே கைபேசிக் கடை வைத்திருப்பவர்தான் இன்னொரு வழியைக் காட்டினார். அக்காவின் கைபேசியை வாங்கி எதையோ அழுத்தினார். அது பேசத் தொடங்கியது. விரல் எதைத் தொடுகிறதோ அதை வாசித்தது. பார்வையில்லாதவர்களுக்கென்று செய்த வசதியாம். வாங்கிய நாளிலிருந்தே உள்ளே இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை என்றார். இனி வரும் காலத்தில் எழுத்தே வேண்டியிருக்காது, எல்லோரும் காதால் கேட்டே எல்லாவற்றையும் தெரிந்துகொள்வார்கள் என்றும் சொன்னார். நல்ல சேதி சொல்லும் முகத்தோடுதான் சொன்னார். புத்தகங்களோடு வாழ்ந்தவளுக்கு அதைக் கேட்டு மகிழ முடியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுத்துப் பேசவும் முடியவில்லை.

அந்தக் குரல் ஒரு பெண்குரல். அக்கா அதற்கு 'மூச்சு வாங்காதவ' என்று பட்டம் வைத்தாள். வாக்கியம் முடிந்ததையும் முடியாததையும் அது ஒன்றுபோலவே வாசித்தது. ரயில் வருகையை அறிவிக்கிறவளுக்கு வேதத்தைக் கொடுத்ததுபோல இருக்கிறது என்றாள். ஆனாலும் அவளுக்கு அது பிடித்துப்போனது. காரணத்தை ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். நான் வாசித்தால் என் வாசிப்பு அதில் ஏறிவிடும். இதற்குத் தன் வாசிப்பு என்று ஒன்று கிடையாது. இது எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கிறது. மூச்சு அக்காவுடையது. ஆகவே வாசிப்பும் அவளுடையது.

இந்த வாதத்தில் எனக்கு வியப்பே மிஞ்சியது. இயந்திரத்தில் ஆள் இல்லை என்பதைத்தான் எல்லோரும் குறையாகச் சொல்வார்கள். அவளுக்கு அதுவே மதிப்பாக இருந்தது.

வேறு தொல்லைகள் வந்தன. பங்குக் கோயிலிலிருந்து அனுப்பும் வாசகம், அச்சுப் பக்கத்தைப் புகைப்படம் எடுத்ததாகவே வரும். இயந்திரம் அதைத் தொட்டதும் "படம்" என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடும். இணையத்தில் தமிழ் நூல்களைத் தேடினேன். ஆயிரக்கணக்கில் இருந்தன. பெரும்பாலானவை பக்கங்களைப் படம் பிடித்தவை. பக்கத்துக்குப் பக்கம் அவள் விரலுக்குக் கிடைத்தது "படம்" என்ற அந்த ஒரு சொல்தான். நூல்களை மின்வடிவாக்கினால் எவருக்கும் எதுவும் கிடைக்கும் என்று மாணவிகளுக்கு ஆண்டுதோறும் சொல்லிவந்தவள் நான். பக்கத்து அறையில் அந்தக் குரல் "படம், படம்" என்று சொல்லிக்கொண்டே போவதைக் கேட்டபோது, கண்ணுள்ளவர்களை மட்டுமே நினைத்து அதைச் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது.

அதனால் வாரந்தோறும் வாசகத்தை நானே தட்டச்சு செய்து அவள் கைபேசிக்கு அனுப்பினேன். சேலைத் தலைப்புக்குள் மறைந்த ஒரு சிறு காதுபேசி, கையில் கைபேசி, முன்னால் பெயருக்கு விரித்த புத்தகம். இயந்திரம் சொல்வதற்கு அரை மூச்சு பின்னால் அவள் குரல் நடக்கும். வீட்டில் பழகிப் பழகி, கடைசியில் அந்த இடைவெளி எனக்கே தெரியவில்லை. பங்குத்தந்தையிடம் மட்டும் சொல்லியிருந்தோம். அவர் உடனே சம்மதித்தார். புதிய கருவிகளில் நம்பிக்கை உள்ளவர். வளைகுடாவிலும் திருப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள் ஊர்ப் பூசையைப் பார்க்கட்டும் என்று கோயிலுக்குள் கேமரா வைத்து நேரலை தொடங்கியவர் அவர்தான். அக்காவின் பார்வை எவ்வளவு போய்விட்டது என்பது ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதில் அவள் கண்டிப்பாக இருந்தாள். தெரிந்தால் இரக்கப்படுவார்கள், பிறகு அவளுடைய வாசகத்தை யாரும் கேட்கமாட்டார்கள், அவளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றாள்.

சில மாதங்கள் எல்லாம் சரியாகவே நடந்தன.

ஊர்த் திருவிழா ஞாயிறு அன்று, ஆவணிக் காற்று கோயில் சன்னல்களை அறைந்துகொண்டிருந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் பலர் வந்திருந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் ஊர்ச் சாப்பாட்டுக்கு அண்டாக்கள் ஏறியிருந்தன. சமையலுக்குப் பொறுப்பானவர் ஒரு திராட்சைத் தோட்டக்காரர். சின்ன வயதில் அக்காவிடம் படித்தவர். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேருக்கு வேதத்தில் வரும் பெயர்கள். இவருக்கு வாய்த்தது ஒரு தீர்க்கதரிசியின் பெயர்.

அன்றைய வாசகம், பாலைநிலத்தில் பசியால் வாடிய மக்கள் தங்களை அழைத்துவந்தவரிடம் முறையிடும் பகுதி. அக்கா அழகாகத் தொடங்கினாள். பசியைப் பற்றி வாசிக்கும்போது அவள் குரலில் ஒரு வறட்சி வந்தது. கோயில் அடங்கிக் கேட்டது. மக்கள் முறையிட்டு முடித்த இடத்தில் அவள் நிறுத்தினாள். பிறகு அந்தத் தீர்க்கதரிசியின் பெயரைச் சொன்னாள். நான் தட்டச்சு செய்த பகுதியில் அந்தப் பெயர் இல்லை.

"சோறு போதாது," என்று கணீரென வாசித்தாள். "இன்னோர் அண்டா வைக்க வேண்டும். சிலிண்டர்…"

அந்தச் சொல்லில் நின்றாள்.

நடந்ததைப் பிறகுதான் புரிந்துகொண்டோம். பங்கின் கைபேசிக் குழுவில் அக்காவும் உறுப்பினர். பின்னால் அடுப்படியில் நின்ற சமையல்காரர், பேசினால் எழுத்தாக்கிக் கொடுக்கும் வசதியில் ஒரு சேதியைச் சொல்லிக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்: சோறு பத்தாது, இன்னொரு அண்டா வைக்கணும், சிலிண்டர் தீரப்போகுது. கைபேசியை ஒலியடக்கித்தான் வைத்திருந்தோம். ஒலியை அடக்கினால் மணிதான் அடங்கும், வாசிக்கும் குரல் அடங்காது என்பது எங்களுக்குத் தெரியாது. வேதத்தை வாசித்துக்கொண்டிருந்த அதே பெண்குரல், அதே தொனியில், அனுப்பியவர் பெயரைச் சொல்லிச் சேதியையும் வாசித்தது. பெயர் வேதத்துப் பெயர். சேதி பசியைப் பற்றியது. ஆசிரியையாக இருந்த நாக்கு, பேச்சுத் தமிழைத் தானாகவே செந்தமிழாக்கிக்கொண்டது.

முதலில் முன்வரிசைப் பிள்ளைகள்தான் சிரித்தார்கள். அது அத்தோடு அடங்கியிருக்கக்கூடும். ஆனால் ஒலிபெருக்கியில் தன் பெயரையும் அண்டாவையும் கேட்ட சமையல்காரர், மேடையிலிருந்து தனக்குத்தான் கட்டளை வருகிறது என்று நினைத்துக் கரண்டியோடு பக்கவாசலில் வந்து நின்றார். வகுப்பில் எழுந்து நிற்பதுபோல நின்று, பணிவாகச் சொன்னார்.

"அண்டா வச்சாச்சு டீச்சர்."

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம், பீடச் சிறுவர்கள், எல்லோரும் சிரித்தார்கள். சொல்வதற்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த நொடியில் எனக்கும் உதடு விரிந்தது. அக்கா விரலால் கைபேசியில் விட்ட இடத்தைத் தேடினாள். அது அவள் காதில் என்ன சொல்லிக்கொண்டிருந்ததோ, நெற்றி சுருங்கியது. முன்னாலிருந்த புத்தகத்தின்மேல் கையை வைத்தாள். அதில் அவளுக்கு எதுவும் இல்லை. நான் எழுந்து போய் அவள் முழங்கையைப் பிடித்தேன். மீதியைப் பங்குத்தந்தையே வாசித்து முடித்தார்.

அன்று மாலைக்குள் அந்தத் துண்டை மட்டும் நேரலையிலிருந்து யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். பின்னணியில் ஒரு வேடிக்கை இசை. திருப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் குழுவுக்கே திரும்பி வந்தது. அனுப்பியவர்கள் கெட்டவர்கள் அல்லர். பாதிப்பேர் அவளிடம் எழுத்துப் படித்தவர்கள். 'எங்க டீச்சர்' என்று உரிமையோடுதான் எழுதியிருந்தார்கள்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டாள். மூச்சு வாங்காதவள் எழுத்தையும் சிரிப்புப் பொம்மைகளையும் வாசித்தாள். எங்க டீச்சர். ஆனந்தக் கண்ணீருடன் சிரிக்கும் முகம். ஆனந்தக் கண்ணீருடன் சிரிக்கும் முகம். ஆனந்தக் கண்ணீருடன் சிரிக்கும் முகம். காலையில் பாலைநிலத்தின் பசியை எப்படிச் சொன்னதோ அப்படியே இதையும் சொன்னது. அணைத்துவிடு அக்கா என்றேன்.

"இரு ஆத்தா. முடியட்டும்."

சிரிப்புகளை அவள் தாங்கிக்கொண்டாள். ஓரிடத்தில் தானும் லேசாகச் சிரித்தாள். அவன் கரண்டியோடவா வந்து நின்னான் என்று கேட்டாள். அதன் பிறகு ஒரு பெண் எழுதியிருந்த வரி வந்தது: பாவம், டீச்சருக்குக் கண் தெரியாதுபோல, காதில் வயர் இருக்கிறது பாருங்கள். அக்கா அந்த இடத்தில் விரலை எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். அந்தக் குரல் அந்த வரியை மறுபடியும் வாசித்தது. பிறகு கைபேசியைத் தலையணை ஓரம் கவிழ்த்து வைத்தாள்.

பங்குத்தந்தை மறுநாளே வந்தார். பங்கின் இணையப் பக்கத்திலிருந்து அந்தக் காணொளியை எடுக்கச் செய்துவிட்டதாகச் சொன்னார். அங்கிருந்துதான் எடுக்க முடிந்தது; மற்றவர்களின் கைபேசிகளிலிருந்து யார் எடுப்பது? வாசகம் அவளுக்காகக் காத்திருக்கும் என்றும் சொன்னார். அவள் நன்றி சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினாள். கைபேசிக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். சேதிகளை வாசிக்காமல் தடுக்கும் வழி இருக்கிறதாம். மிகச் சின்ன வேலை. நான் கேட்டு நிற்கும்போதே செய்து காட்டினார். வீட்டுக்கு வந்து அதை அக்காவிடம் சொன்னேன். இனி அப்படி நடக்க வழியே இல்லை என்றேன். அவள் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னாள்.

"இனிமே அவ சொல்றது வேதமா, அண்டாவான்னு யோசிச்சுக்கிட்டே நிக்கணும். யோசிச்சுக்கிட்டே வாசிக்க முடியாது ஆத்தா. நம்பித்தான் வாசிக்கணும்."

நான் கைபேசியை மறுபடியும் தலையணை ஓரம் வைத்தேன்.

இப்போது ஞாயிறுகளில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வாசிக்கிறாள். கைபேசித் திரையைப் பார்த்து, வேகமாக, பிழையில்லாமல் வாசிக்கிறாள். அக்காவுக்கு வெளிச்சம் இருட்டு மட்டும் பிரித்துத் தெரிகிறது. மாலை வேளைகளில் அதுவும் உறுதியில்லை. வீட்டில் நான் ஏதாவது புத்தகத்தை எடுத்து உரக்க வாசிக்கத் தொடங்குவேன். மரியாதைக்கு ஒரு பக்கம் கேட்பாள். பிறகு, உனக்குத் தொண்டை வலிக்கும், போதும் என்பாள்.

ஞாயிறு கூட்டத்துக்கு அவள் வருவதில்லை. கேமரா இல்லாத வாரநாள் காலைப் பூசைக்கு இருவரும் போகிறோம். பத்துப் பதினைந்து பேர் இருப்போம். முதல் வாசகத்தின் நேரம் வந்ததும் பங்குத்தந்தை நாங்கள் இருக்கும் பெஞ்சைச் சற்று நேரம் பார்ப்பார். அக்கா முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அவர் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதுமில்லை. இல்லை என்று தலையை அசைப்பேன். அவர் வேறு யாரையாவது கூப்பிடுவார்.